ரஷ்யாவின் சிற்றூர்கள்: அப்பா அம்மாவோடு பத்து நாள், எங்கே தங்கலாம்?

கோதை_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் நடுவில் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் ரஷ்யா போகிறேன். மாஸ்கோவுக்கு மூன்று நாள் ஒதுக்கிவிட்டேன். மிச்சம் ஏழு நாளை என்ன செய்வது என்றுதான் குழப்பம். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் ‘தங்க வளையம்’ என்று எட்டு ஊர்களை ஐந்து நாளில் பஸ்ஸில் காட்டிவிடுகிறேன் என்கிறார்.

அப்பாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அரண்மனை, மியூசியம் என்றால் இரண்டு பேருக்கும் அரை மணியில் அலுத்துவிடும். வீடு, தோட்டம், சந்தை, நாலு மனிதர்கள், இவைதான் பிடிக்கும். போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வோல்காக்கரை

எட்டு ஊர் ஐந்து நாள் வேண்டவே வேண்டாம், கோதை. வோல்கா கரையில் ஒரு நகரத்தில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன் நான். லீவு கிடைத்தபோதெல்லாம் ரயிலேறிச் சுற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தங்க வளையம் என்பது பழங்காலத்துப் பெயர் இல்லை. யூரி பிச்கோவ் என்ற பத்திரிகையாளர் 1967-இல் இந்தப் பழைய ஊர்களைச் சுற்றிவந்து எழுதிய கட்டுரைகளுக்கு வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. செர்கியெவ் பசாத், பெரெஸ்லாவ்ல், ரஸ்தோவ், யாரஸ்லாவ்ல், கஸ்த்ரமா, இவானவோ, சூஸ்தல், விளாதிமிர். ஒவ்வொன்றும் நல்ல ஊர்தான். ஆனால் பஸ்ஸில் இருந்து இறங்கி, வெள்ளைச் சுவரையும் வெங்காயக் கோபுரத்தையும் படம் எடுத்துவிட்டு மறுபடி ஏறினால், மூன்றாவது ஊரிலேயே எது எந்த ஊர் என்று மறந்துபோகும். அப்பாவின் முழங்காலுக்கும் அந்தப் பஸ் படிக்கட்டு ஆகாது.

சூஸ்தலில் நாலு இரவு தங்குங்கள். ஒரே வீட்டில்.

ஏன் சூஸ்தல் என்றால், 1862-இல் மாஸ்கோவிலிருந்து நீஷ்னி நோவ்கரத் வரை ரயில்பாதை போட்டபோது அது விளாதிமிர் வழியாகப் போய்விட்டது. சூஸ்தலுக்கு ரயில் வரவில்லை. ரயில் வராததால் பெரிய ஆலைகளும் வரவில்லை. ஊர் இருந்தபடியே தங்கிவிட்டது. இன்றைக்கும் பத்தாயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள். காமென்கா என்று ஒரு சின்ன ஆறு ஊருக்குள் வளைந்து வளைந்து ஓடும். மரவீடுகள், ஒவ்வொன்றின் ஜன்னலைச் சுற்றியும் செதுக்கு வேலை செய்த பலகை. அதை நலீச்னிக் என்பார்கள். ஒரு வீட்டில் இருக்கும் வேலைப்பாடு அடுத்த வீட்டில் இருக்காது. ஒரு தெருவை நடந்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, ஜன்னல் ஜன்னலாக நின்றதில்.

தேவாலயங்கள் இரண்டிரண்டாக நிற்பதைக் கவனியுங்கள். உயரமாக, பெரிதாக இருப்பது கோடைக்கு. பக்கத்திலேயே தாழ்வாக, சின்னதாக இருப்பது குளிர்காலத்துக்கு. பெரிய கட்டடத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது என்பதால் சின்னதைக் கணப்பு வைத்துக் கட்டினார்கள். இது தெரிந்த பிறகு அந்த ஊரைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

போகும் வழி சுலபம். மாஸ்கோவிலிருந்து லாஸ்தச்கா ரயில், தகைவிலான் குருவி என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்குள் விளாதிமிர். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பஸ் நிலையம். அங்கிருந்து சூஸ்தல் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சூஸ்தல் பஸ் நிலையம் ஊர் நடுவிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதனால் பெட்டியோடு நடக்க நினைக்காமல் டாக்சி பிடித்துவிடுங்கள்.

நித்யா_சிங்கை

வோல்காக்கரை சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பஸ் பயணம் போய்ப் பட்டவள். ரஸ்தோவில் கிரெம்ளினுக்குள், அதாவது மதில் சூழ்ந்த பழைய வளாகத்துக்குள், எங்களுக்கு நாற்பது நிமிடம்தான் கொடுத்தார்கள். அங்கே 15 மணிகள் உள்ள மணிக்கூடம் இருக்கிறது. அதில் பெரியதற்கு சிசோய் என்று பெயர். 1688-இல் வார்த்தது, 32 டன் எடை. ஊரின் பேராயர் யோனா தன் தந்தையின் பெயரை அந்த மணிக்கு வைத்தார். நான் வாசலை விட்டு வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்த ஒலியின் முதல் அரை நிமிடம் மட்டும் என் காதில் இருக்கிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

அம்மாவின் சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘போஸ்த்னயே’. நோன்பு உணவு என்று அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு நாள்கள் நிறைய. நோன்பில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. ஆகஸ்ட் 14 முதல் 27 வரை ஒரு நோன்பு இருக்கிறது, நீங்கள் போவது சரியாக அப்போதுதான். மடங்களில் இருக்கும் சாப்பாட்டுக் கூடங்களில் போஸ்த்னயே தட்டு கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் சில நாள் மீனுக்கு அனுமதி உண்டு, அதனால் ‘பெஸ் ரீபி’, மீன் இல்லாமல், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிரேச்கா என்று ஒரு தானியம், குதிரைவாலிபோல உதிர உதிர வேகும். அதோடு வதக்கிய காளான். உருளைக்கிழங்கு வைத்த வரேனிகி, நம் கொழுக்கட்டை போல. மாவில் முட்டை சேர்ப்பது உண்டு, கேட்டு வாங்குங்கள். பால் சாப்பிடுவார் என்றால் கெஃபீர் எல்லாக் கடையிலும் கிடைக்கும், உப்புப் போட்டுக் கடைந்தால் மோர்தான். ஸ்பீதென் என்று தேனில் கிராம்பு, இஞ்சி போட்டுச் சுடச்சுடத் தருவார்கள். சுக்குக் காப்பி குடித்தமாதிரி தொண்டைக்கு இதமாக இருக்கும். மெதவூகா என்பதும் தேனில் செய்வதுதான், ஆனால் அதில் சாராயச் சத்து உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இளங்கோ_மதுரை

போர் நடக்கும் நாட்டுக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போவது சரியா என்று யாரும் கேட்கவில்லையே. நான் யாரையும் குறை சொல்லவில்லை, அக்கறையில் கேட்கிறேன்.

வோல்காக்கரை

கேட்கவேண்டிய கேள்விதான், இளங்கோ. போகலாமா வேண்டாமா என்பதை கோதையின் குடும்பம்தான் முடிவு செய்யவேண்டும். என் மனசிலும் அந்தப் பாரம் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் இரண்டு பக்கத்துக்காரர்களும் உண்டு.

போவதென்று முடிவானால் சில விஷயங்கள். உக்ரைன் எல்லையை ஒட்டிய பகுதிகள் பக்கமே போகவேண்டாம். விமான நிலையங்களைச் சில மணி நேரம் திடீரென்று மூடுவார்கள், அதனால் அடுத்தடுத்து நெருக்கமாக விமானம் மாறும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்வதில்லை. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் வங்கியில் மாற்றவேண்டும். நோட்டுகள் கசங்காமல், கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும். செல்பேசி இணையம் சில நாள் நின்றுபோகும். தங்கும் வீட்டு முகவரியை ரஷ்ய எழுத்தில் காகிதத்தில் எழுதி அப்பா சட்டைப்பையில் ஒன்று, அம்மா கைப்பையில் ஒன்று வைத்துவிடுங்கள். இந்தியர்களுக்கு மின்விசா உண்டு. எத்தனை நாள் தங்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் அன்று அவர்கள் வெளியுறவு அமைச்சகத் தளத்திலேயே பாருங்கள்.

மரத்தச்சன்

நான் தச்சுத் தொழில் பரம்பரை. என்னைக் கேட்டால் சூஸ்தலைக் காட்டிலும் கிஜி தீவு. ஒனேகா ஏரிக்கு நடுவில் இருக்கிறது. 1714-இல் முழுக்க மரத்தில் கட்டிய தேவாலயம், 37 மீட்டர் உயரம், 22 கோபுரங்கள். அடுக்கடுக்காக மேலே ஏறும். ஒவ்வொரு கோபுரத்தின் மேலும் ஆஸ்பென் மரத்தில் வெட்டிய செதில்கள், மொத்தம் சுமார் 30,000. புதிதாகப் போட்டபோது பொன் நிறமாக இருக்கும், வெயிலும் மழையும் பட்டு நாளாவட்டத்தில் வெள்ளிபோல ஆகிவிடும். நான் படகில் போனபோது தூரத்தில் தகரம் வேய்ந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கிட்டே போய்த்தான் மரம் என்று தெரிந்தது.

இதைப் பழுதுபார்த்த விதம்தான் என்னை அங்கே இழுத்தது. கட்டடத்தைப் பிரித்துக் கீழே இறக்கவில்லை. உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து மேல்பகுதியை அதில் தாங்கவிட்டு, மரச்சுவரை ஏழு அடுக்காகப் பிரித்து, கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, உளுத்த கட்டையை மட்டும் மாற்றி, மறுபடி பூட்டினார்கள். 2020-இல்தான் வேலை முடிந்தது. நல்ல கட்டையை ஒன்றைக்கூட வீசவில்லை. உளுத்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு அதே அளவுக்குப் புது மரம் கோத்திருக்கிறார்கள். பழையதும் புதியதும் சேர்கிற அந்த மூட்டில் என் நகம் நுழையவில்லை. அங்கே காவலுக்கு இருந்த அம்மாள் நான் தடவிப் பார்ப்பதைக் கண்டு திட்ட வந்தவர், என் கையில் இருந்த காய்ப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றுவிட்டார்.

வோல்காக்கரை

அண்ணே, கிஜியின் அழகை நான் மறுக்கவே இல்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். மாஸ்கோவிலிருந்து பெட்ரசவோத்ஸ்க் ஒரு ராத்திரி ரயில். அங்கிருந்து விசைப்படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல். காற்று பலமாக இருந்தால் படகு விடமாட்டார்கள். தீவில் சில மணி நேரம் இருந்துவிட்டு அதே வழியாகத் திரும்பவேண்டும். மூட்டுவலிக்காரருக்கு இரண்டு ராத்திரி ரயில் படுக்கை சிரமம். கோதையின் பெற்றோர் விரும்புவது ஊரும் மனிதர்களும்.

மரவேலைதான் பார்க்கவேண்டும் என்றால் சூஸ்தலிலேயே மரக்கட்டட அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியவை. கஸ்லியாத்யெவா கிராமத்து 1756-ஆம் வருடத் தேவாலயம், காற்றாலைகள், குடியானவர் வீடுகள் எல்லாம் உண்டு. குடியானவர் வீட்டுக்குள் அறையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு மண் அடுப்பு இருக்கும். சமைப்பதும் அதில், வீடு சூடாவதும் அதில், தாத்தா பாட்டி ஏறிப் படுப்பதும் அதன் மேல். கிழக்குப் பார்த்த மூலையில் சாமி படம், மேலே பூவேலைத் துண்டு.

அங்கே ஒரு கிணறு இருக்கிறது, கோதை. அப்பாவை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச் சக்கரம். அதற்குள் மனிதன் ஏறி நின்று நடப்பான், அவன் நடக்க நடக்கச் சக்கரம் சுழன்று வாளி மேலே வரும். எங்கள் தாத்தா ஏற்றமரத்தில் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சூஸ்தலில் அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் அவர் கால்தான் ஞாபகம் வந்தது.

மரத்தச்சன்

சரி தம்பி, பெரியவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது ஞாயம். ஆனால் கோதை, நீங்கள் தனியாக இன்னொரு தடவை போனால் கிஜியை விட்டுவிடாதீர்கள். ஜூனில் போனால் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

பழனிவேல்_ஐயா

பிள்ளைகள் பேசிக்கொள்வதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு 71 வயது. எங்கள் ஊருக்கு நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) புத்தகக் கண்காட்சி வரும். முன்னேற்றப் பதிப்பகம் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சடித்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். பிர்ச் மரம், சமோவார், பனிச்சறுக்கு வண்டி என்று எதையும் பார்க்காமலே எல்லாம் பழகிப்போனது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக யாஸ்னயா போல்யானா போனேன்.

தூலாவுக்குப் பக்கத்தில் டால்ஸ்டாய் பிறந்து வாழ்ந்த பண்ணை அது. வாசலிலிருந்து வீடு வரை இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள். வீட்டில் அவர் பிறந்த கறுப்புத் தோல் சோபா இன்றும் இருக்கிறது. புத்தக அலமாரிகளைப் பார்த்தபோது எனக்கு நம் குறள் ஞாபகம் வந்தது. தாரக்நாத் தாஸுக்கு 1908-இல் எழுதிய நீண்ட கடிதத்தில் டால்ஸ்டாய் குறளை எடுத்துக் காட்டியிருக்கிறார், இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் காந்தி அவருக்கு எழுதினார், அச்சிட அனுமதி கேட்டார்.

கல்லறைக்குக் காட்டுப் பாதையில் நடக்கவேண்டும். சிலுவை இல்லை, பெயர்ப் பலகை இல்லை, கல்கூட இல்லை. பள்ளத்தின் ஓரமாக, புல் மூடிய ஒரு மண்மேடு, அவ்வளவுதான். உலகத்தில் சண்டை சச்சரவே இல்லாமல் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் ரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதி அங்கே புதைத்து வைத்திருக்கிறது என்று சின்ன வயதில் அவர் அண்ணன் நிகலாய் சொன்னாராம். அந்த இடத்திலேயே தன்னைப் புதைக்கச் சொன்னார். நான் நின்ற நேரத்தில் ஒரு கல்யாண ஜோடி வந்தது. மணப்பெண் பூங்கொத்தை மேட்டின் ஓரத்தில் வைத்தாள். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை.

மாஸ்கோவிலிருந்து ஒரு நாளில் போய்வந்துவிடலாம், கோதை. திங்கட்கிழமை மூடியிருக்கும். திரும்பும்போது தூலாவில் பிரியானிக் வாங்குங்கள். செதுக்கிய மரப்பலகையில் மாவை அழுத்தி அச்செடுத்துச் சுடும் தேன் ரொட்டி. உள்ளே ஜாம் இருக்கும். மாவில் முட்டை சேர்ப்பது உண்டு, அம்மாவுக்கு விசாரித்துக் கொடும்மா.

கோதை_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. பஸ் பயணத்தை ரத்து செய்துவிட்டேன். சூஸ்தலில் நாலு இரவு, விளாதிமிரில் ஒரு இரவு, தூலாவுக்கு ஒரு நாள். பழனிவேல் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை அவரே வாங்கிப் படித்தார்.

வோல்காக்கரை

விளாதிமிரில் தங்கும் நாளில் பொகல்யூபவோ போங்கள். பக்கத்து ஊர்தான். நெர்ல் ஆற்றங்கரையில் 1165-இல் கட்டிய ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம். அதைப் பார்க்க ரயில்பாதையின் மேல் பாலம் ஏறி இறங்கி, புல்வெளியில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கவேண்டும். பாலத்துப் படிதான் அப்பாவுக்குக் கஷ்டம். நடந்துவிட முடியும் என்றால் விடாதீர்கள். வசந்தத்தில் வெள்ளம் வந்தால் அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், ஆகஸ்டில் காய்ந்த புல்தான்.

தேவாலயத்துக்குள் பெண்கள் தலையை மூடிக்கொள்ளவேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்றவேண்டும். உள்ளே பெஞ்சு வரிசை இருக்காது, எல்லோரும் நின்றுதான் கும்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விடவேண்டும், அது நமக்குப் பழக்கம்தான். வாசற்படியில் நின்று கைகுலுக்காதீர்கள், உள்ளே போய்க் கொடுங்கள். பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுங்கள், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு.

நித்யா_சிங்கை

பான்யா குளியலையும் சொல்லிவிடுகிறேன். விறகு போட்டுக் காய்ச்சிய கல்மேல் தண்ணீர் ஊற்றி எழுப்பும் ஆவி. பிர்ச் இலைக் கொத்தை ஊறவைத்து முதுகில் அடிப்பார்கள். வலிக்காது, மழை பெய்த தோட்டத்து வாசனை வரும். வெளியே வந்ததும் ‘ஸ் லியோக்கிம் பாரம்’ என்பார்கள், ‘லேசான ஆவியோடு’ என்று வாழ்த்துவது அது. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் கீழ்த்தட்டில் ஐந்து நிமிடம் போதும்.

கோதை_திருச்சி

போய் வந்துவிட்டோம். எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

சூஸ்தலில் தங்கிய வீட்டுக்கார அம்மாவுக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். வீட்டின் பின்னால் நீளமான தோட்டம், பாதிக்கு மேல் வெள்ளரி. முதல் நாள் காலையிலேயே அம்மா தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். அவருக்கு ரஷ்யன் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் எழுந்து போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஜாடியின் அடியில் முதலில் முள்ளங்கி இலைபோல நீளமாக ஒரு இலை, அது காரக்கிழங்கு இலையாம். மேலே செர்ரி இலை, கறுப்புத் திராட்சைபோல ஒரு செடியின் இலை, பூண்டு, பூத்த சோயிக்கீரைத் தண்டு. அப்புறம் வெள்ளரியை நிறுத்தி வைத்து அடுக்கி உப்புத் தண்ணீர் ஊற்றினார். அம்மா ஒவ்வொரு இலையையும் கசக்கி மோந்து பார்த்து, தமிழிலேயே ஏதோ கேட்டார். அந்த அம்மா ரஷ்யனில் பதில் சொன்னார். ‘இலை போட்டால் காய் மொறுமொறுப்பாக இருக்குமாம்’ என்று அம்மா எனக்கு மொழிபெயர்த்தார். ஃபோனில் பேசவைத்துச் சரிபார்த்தேன். அதையேதான் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19 அங்கே ஆப்பிள் திருநாள். காலையில் ஊரே கூடையில் ஆப்பிளோடு தேவாலயத்துக்கு நடக்கிறது. வாசலில் நீள மேசை போட்டு, கூடைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி செருகியிருந்தார்கள். பாதிரியார் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கூடைகள்மேலும் எங்கள்மேலும் வாரி இறைத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே முகத்தைக் காட்டினார்கள். அதற்கு முன்னால் புது ஆப்பிளைத் தொடமாட்டாராம் எங்கள் வீட்டுக்கார அம்மா. புது அரிசியைச் சாமிக்கு வைக்காமல் உலையில் போடாத எங்கள் பாட்டியைப் பற்றி அம்மா அவரிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தன் கூடையிலிருந்து நனைந்த ஆப்பிள் இரண்டை எடுத்து அம்மா மடியில் போட்டார்.

நித்யா, மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் போஸ்த்னயே வார்த்தை நன்றாக வேலை செய்தது. பார்லி கஞ்சி, முட்டைக்கோஸ் அடை, காளான் சூப். அப்பா மூன்று நாள் வரிசையாகக் கிரேச்கா சாப்பிட்டார். ஊர் திரும்பியதும் இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வோல்காக்கரை அண்ணா, நெர்ல் தேவாலயத்துக்கு அப்பா நடந்தார். மடக்கு நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன். ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தார். போக ஐம்பது நிமிடம் ஆனது. கிட்டே போய்ப் பார்த்தால் அவ்வளவு சின்னது. உள்ளே இருபது பேர் நின்றால் நெருக்கம். வெளிச்சுவரில் உச்சியில் தாவீது அரசர் வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்க, சுற்றிச் சிங்கமும் பறவையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அப்பா நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அரை மணியில் அலுத்துவிடும் என்று நான் எழுதியது இப்போது உறுத்துகிறது.

வோல்காக்கரை

படித்து முடித்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், கோதை. கிணற்றுச் சக்கரம் பார்த்தாரா?

கோதை_திருச்சி

பார்த்தார், அண்ணா. ஏறவிடமாட்டார்கள் என்று பலகை இருந்தது. சக்கரத்தின் உள்பக்கப் பலகை கால் பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கிறது. அதைத்தான் படம் எடுக்கச் சொன்னார். நாளை ஏற்றுகிறேன்.

மரத்தச்சன்

படத்தில் பலகை மூட்டும் தெரிகிறமாதிரி ஒன்று இருந்தால் அதையும் போடும்மா.